படத்தில் நடுவில் நிற்பவன்

1942 ஆகஸ்ட் 9, ஞாயிறு

இன்று கொட்டகை வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. ஐந்து மாட்டுக்கு எவ்வளவு நேரம் ஆகும்! உட்கார்ந்து எழுத நேரம் கிடைத்தால் பிள்ளைகளைப் பற்றி நல்லதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்று வைத்திருக்கிறேன்.

பேத்தி புஷ்பராணி, வயது பதிமூன்று. ஜப்பான் பள்ளிக்கூடத்துப் பேச்சுப் போட்டியில் முதலாவதாக வந்தாள், அவர்கள் பாஷையிலேயே பேசி. பரிசு ஒரு பென்சில், ஒரு கட்டிச் சோப்பு. சோப்பை அவள் அம்மா தவமணி அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருக்கிறாள். பானையில் வேறு என்ன இருக்கிறது, அதுவாவது இருக்கட்டும்.

பேரன் அழகுமலை, வயது பத்தொன்பது. தமிழ்ப் பள்ளியில் கையெழுத்துக்கு மூன்று வருஷம் தொடர்ந்து பரிசு. இங்கிலீஷ் பள்ளியில் ஜூனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சை தேறினான். பினாங்கில் எங்கள் தத்தோ கிராமட் ரோட்டு மாட்டுக்காரர் பிள்ளைகளில் தேறியது அவன் ஒருவன்தான். கோர்ட்டில் குமாஸ்தாவாக இருக்கிற கிராணி ஒருவர் அவன் எழுதிய காகிதத்தைப் பார்த்துவிட்டு, இது அச்சு என்றே நினைத்தாராம். அதே கையால் ஒரே மூச்சில் ஆறு மாடு கறப்பான். உதைக்கிற மாடும் அவன் கை பட்டால் நின்றுவிடும். என் மகன் காய்ச்சலில் போனபோது இவனுக்குப் பன்னிரண்டு வயது. அன்றைக்கு மறுநாள் காலையில் பால் செம்பை எடுத்தவன் இன்னும் கீழே வைக்கவில்லை.

நான் ஐந்தாம் வகுப்பு. தவமணி மூன்றாம் வகுப்பு. எங்கள் வீட்டில் கைநாட்டு வைக்கிற ஆள் கிடையாது. இதையும் எழுதி வைக்கிறேன்.

புஷ்பராணி எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பாயி, 1942 இல்ல, ஜப்பான் வருஷம் 2602ன்னு போடணும். டீச்சர் பாத்தா அறைவாங்க" என்றாள். அந்த டீச்சர் என் நோட்டைத் தேடிக்கொண்டு மாட்டுக்கொட்டகைக்கு வரப் போகிறாளா?

ஆகஸ்ட் 10

டோக்கியோ நேரம் மாட்டுக்குப் புரியவில்லை. ஜப்பான்காரன் ஊரைப் பிடித்ததும் கடிகாரத்தை ஒன்றரை மணி முன்னால் தள்ளி வைத்தாகிவிட்டது. மடி பழைய நேரத்துக்குத்தான் நிறைகிறது.

ஆகஸ்ட் 14, வெள்ளி

பால் கொடுக்கப் போன இடத்தில் டீக்கடை சிக்கந்தர் பேப்பரை வைத்துக்கொண்டு கூப்பிட்டார். "பெரியம்மா, இங்க வாங்க. குண்டு விழுந்து ஆடு மாடு செத்தவங்களுக்கு கவுருமெண்டு உதவிப் பணம் கொடுக்குதாம். எழுதிக் கேக்கணுமாம்லா."

"குண்டு போட்டது யாரு? பணம் குடுக்கிறது யாரு?" என்று கேட்டேன்.

அவர் தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "டீ ஆறிடும், குடிங்க" என்றார். டீயில் சீனி இல்லை, என் பாலில் பாதி தண்ணீர். யாரும் யாரையும் குறை சொல்லவில்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் டிசம்பர் மாதத்து அந்த வெள்ளிக்கிழமைதான் கண்ணில் நின்றது. கொட்டகை எரிகிறது. பன்னிரண்டு மாடும் கட்டுத்தறியிலே நின்று கத்துகின்றன. அழகுமலை அரிவாளோடு உள்ளே போய்க் கயிறு கயிறாக அறுத்தான். ஐந்து அறுத்தான். ஆறாவது மயிலை. அதன் கழுத்தில் கை வைத்தபோது கூரை இறங்கிவிட்டது. வலது கையில் இன்னும் அந்தத் தழும்பு இருக்கிறது. ஏழு போயிற்று. ஏழையும் பின்னால் சீனர் தோட்டத்து ஓரத்தில் புதைத்துவிட்டு, எரிந்த இடத்திலேயே மறுபடி கொட்டகை போட்டோம்.

எழுதிக் கேட்பதா? கை நீட்டுவதா? இந்த வீட்டிலா?

ஆகஸ்ட் 16

தவமணி காலையிலேயே பிடித்துக்கொண்டாள். அழகுமலை துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போகிறேன் என்கிறானாம். ஐந்து மாட்டில் இரண்டு வற்றிவிட்டது, மூன்று மாட்டுப் பால் நாலு பேருக்குச் சோறு போடாது என்கிறானாம்.

"கொட்டாயில ஏழு எடம் காலியாக் கெடக்குது அத்தை. நாலு மாடு வந்து நின்னா அவன் ஏன் போறான்?" என்றாள்.

அவள் கேட்பது மாடு இல்லை. மகன். எனக்குத் தெரியாதா? அந்தக் கையால் மூட்டை தூக்கவா?

சரி, எழுதிப் போடுவோம் என்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 19, புதன்

அழகுமலை மனு எழுதினான். இங்கிலீஷில் ஒன்று, மலாயில் ஒன்று. நான் பக்கத்தில் உட்கார்ந்து மாடுகளின் பெயரைச் சொன்னேன். மயிலை, கறுப்பி, பவுனு, சுழியழகி, வெள்ளச்சி, கிடாரி இரண்டு. "பேரெல்லாம் கேக்க மாட்டாங்க அப்பாயி" என்றான். "நீ போடு" என்றேன். போட்டான். மயிலை என்று எழுதும்போது கொஞ்சம் நிறுத்தினான்.

செத்த மாட்டுக்கு அத்தாட்சி வேண்டுமாம். முனிசிபாலிட்டி லைசென்ஸ் எல்லாம் கொட்டகையோடு எரிந்துவிட்டது. இருப்பது ஒன்றே ஒன்று, போன வருஷம் மாட்டுப் பொங்கலுக்குப் பினாங்கு ரோட்டுச் சீனர் ஸ்டூடியோவிலிருந்து ஆளை வரவழைத்து எடுத்த படம். பன்னிரண்டு மாடும் மாலையோடு வரிசையாக நிற்கும். நடுவில் அழகுமலை, வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, ஒரு கை மயிலையின் திமிலில். அவனுக்கு விவரம் தெரிந்த பிறகு எடுத்த படம் அது ஒன்றுதான். சாமி மாடத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தேன்.

சட்டத்திலிருந்து கழற்றிக் கொடுத்தேன். திருப்பித் தந்துவிடுவார்கள் என்றான்.

ஆகஸ்ட் 20

கால்நடை ஆபீசில் இருக்கிற கிராணி யாழ்ப்பாணத்துக்காரர், அப்புத்துரை என்று பெயர். வெள்ளைக்காரன் காலத்திலும் அதே நாற்காலிதானாம். மெலிந்த மனுஷன், சட்டைக் கழுத்துப் பட்டை திருப்பித் தைத்தது. மனுவைப் படித்துவிட்டு, "இது ஆர் எழுதினது?" என்று கேட்டார். என் பேரன் என்றேன். "வடிவான எழுத்து" என்றார்.

கையெழுத்துப் போடும் இடத்தில் கைநாட்டு மைப் பெட்டியை என் பக்கம் தள்ளினார். பேனாவைக் கேட்டு வாங்கினேன். முழுப் பெயரையும் எழுதினேன், வள்ளிநாயகி என்று, ஒரு எழுத்துக் குறையாமல். பின்னால் வரிசையில் நின்ற ஆட்டுக்காரர் மீரா சாகிப், "அத்தா, எழுதுறாங்களே!" என்றார்.

அப்புத்துரை படத்தை மனுவோடு சேர்த்துக் குண்டூசியால் குத்தினார். குத்தும்போது எனக்குச் சுருக்கென்றது. முகத்தில் படவில்லை, ஓரத்தில்தான்.

செப்டம்பர் 3

ஒன்றும் வரவில்லை. மரவள்ளிக்கிழங்குத் தோல் மாட்டுக்கு, கிழங்கு எங்களுக்கு.

செப்டம்பர் 21, திங்கள்

வெள்ளிக்கிழமை அதிகாரி நேரில் வந்து பார்ப்பாராம். மிச்சம் இருக்கிற மாடுகளையும் காட்ட வேண்டுமாம். காட்டினால்தான் பணம்.

செப்டம்பர் 24, வியாழன்

பக்கத்துக் கொட்டகை அய்யாக்கண்ணு மனு போட்டிருக்கிறான். அவனுக்கு ஐந்து மாடு உண்டு. இன்று போய்ப் பார்த்தால் இரண்டுதான் நிற்கிறது, அதுவும் சாணியை அள்ளி மேலெல்லாம் அப்பி. மற்ற மூன்றையும் ஆயிர் ஹித்தாமில் சுலைமானின் தென்னந்தோப்புக்கு ஓட்டிவிட்டானாம்.

நான் அவன் எதிரேயே என் ஐந்தையும் குளிப்பாட்டினேன். வைக்கோல் பிரியால் தேய்த்துத் தேய்த்து. கொம்புக்கு எண்ணெய். சமைக்க வைத்திருந்த தேங்காய் எண்ணெய்தான். நெற்றிக்கு மஞ்சள், குங்குமம். புஷ்பராணி செம்பருத்தி மாலை கட்டினாள்.

"என்னா பெரியம்மா, மாப்ள வீட்டுக்காரங்களா வர்றாங்க? வெத்தில பாக்குத் தட்டு எங்க?" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினான்.

"உன் மாடு மாதிரி சாணியில முக்கி நிறுத்தச் சொல்றியா?"

"முக்குங்கலா. நாளைக்கு ஒரு நாள்தானே. அழுக்கு மாட்ட எவன் கேப்பான்?"

கொட்டகைக்கு வெளியாள் வந்து பார்க்கும்போது அழுக்கு மாட்டைக் காட்டுகிறவன் மாட்டுக்காரனா? என் மாமனார் காலத்தில் மாடு வாங்க வருகிறவன் இல்லை, சும்மா வழி கேட்டு வருகிறவன் எதிரில்கூட மாட்டைத் துடைத்துத்தான் நிறுத்துவார்கள். அந்த மரியாதையில் வளர்ந்தவள் நான்.

அய்யாக்கண்ணுக்குத் திருட்டுப் புத்தி என்று தவமணியிடம் சொன்னேன்.

செப்டம்பர் 25, வெள்ளி

வந்தார்கள். ஜப்பான் அதிகாரி ஒருவர், கூட அப்புத்துரை. அதிகாரிக்குப் பூட்ஸ் பளபளவென்று இருந்தது, ஆனால் சாணியைப் பார்த்து ஒதுங்கவில்லை. மாட்டின் பல்லைப் பார்த்தார், மடியைத் தொட்டுப் பார்த்தார். மாட்டைப் பற்றித் தெரிந்த ஆள்தான். எங்கோ மாடு வைத்திருந்த வீட்டுப் பிள்ளையாக இருக்கும்.

அவர் அந்தக் கோடிக்குப் போனபோது அப்புத்துரை என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். "ஆச்சி, இப்ப தீனி இல்லை, மாடுகள் மெலிஞ்சு போச்சுது, பாலும் இல்லை எண்டு சொன்னால் ஒருத்தரும் குறையா நினைக்க மாட்டினம்."

"என் மாட்டை மெலிஞ்சதுன்னு என் வாயால சொல்லணுமா?" என்றேன். கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்டுவிட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அதிகாரி என்னவோ கேட்டார். புஷ்பராணி டக்கென்று பதில் சொன்னாள். அவர் சிரித்துவிட்டார். எனக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று. அடுத்து, மாடுகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்கிறார் என்றாள். நான் அழகுமலையை முன்னால் தள்ளினேன். "எங்க பேரன். ஒத்தை ஆளா பன்னெண்டு மாடு கறந்தவன். கன்னு ஈன டாக்டர் வேணாம், இவன் கையே போதும். இங்கிலீசு எழுதுவான், மலாய் எழுதுவான். சொல்லுடி."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அப்புத்துரை தன் நோட்டில் எதையோ எழுதிக்கொண்டே இருந்தார். அதிகாரி மனுவிலிருந்த படத்தை எடுத்துப் பார்த்தார், அழகுமலையைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

போகும்போது எனக்குத் தலை குனிந்து வணக்கம் சொன்னார். இந்தத் தெருவில் வேறு யாருக்கும் சொல்லவில்லை.

நவம்பர் 2, திங்கள்

பணம் வந்தது. ஜப்பான்காரன் அடித்த வாழைமரப் படம் போட்ட நோட்டு, புதிதாக, இன்னும் மை வாசம் போகாமல். ஏழு மாட்டுக்குக் கொடுத்த பணத்தில் இன்றைய விலைக்கு ஒரு மாடு வந்தது. எதிர்க்கரை பாகான் டாலாமிலிருந்து படகில் கொண்டுவந்தான் அழகுமலை. சினை மாடு, சாம்பல் நிறம்.

ஒன்றாவது வந்ததே. துறைமுகப் பேச்சை விட்டுவிட்டான். தவமணி இன்று சிரித்தாள், ஆறு மாதம் கழித்து.

அய்யாக்கண்ணுக்கு எதுவும் கிடைக்கவில்லை. அவன் மாடு ஒன்றுக்கும் ஆகாதென்று எழுதிவிட்டார்களாம். நன்றாக வேண்டும்.

1943 ஜனவரி 15, வெள்ளி

மாட்டுப் பொங்கல். அரிசி இல்லை, மரவள்ளி மாவில் பொங்கினோம். சாம்பல் மாடு கன்று போட்டு பத்து நாள். கிடாரி. அழகுமலை அதற்கு மயிலை என்று பெயர் வைத்தான். கன்று செவலை, நிறம் பொருந்தவில்லை, ஆனாலும் அதுவே இருக்கட்டும்.

படத்தை இன்னும் திருப்பித் தரவில்லை. சுவரில் சட்டம் மட்டும் இருக்கிறது.

பிப்ரவரி 8, திங்கள்

எழுத்துக் கோணலாக வந்தால் வரட்டும்.

ஆபீசிலிருந்து உத்தரவு. ராணுவத்துக்குப் பால் பண்ணை வைக்கிறார்களாம், வடக்கே, சயாம் எல்லைப் பக்கம். நல்ல மாடுகள் வேண்டுமாம். செப்டம்பர் மாதம் பார்த்து எழுதின பட்டியல்படி எடுக்கிறார்களாம். எங்கள் மாடு ஆறும், கன்றும். உதவிப் பணத்தில் வாங்கிய மாட்டையும் பின்னால் சேர்த்திருக்கிறார்கள். புஷ்பராணிதான் படித்தாள். கடைசி வரியில் நிறுத்திவிட்டாள்.

"என்னடி?"

"மாடு பாத்துக்க ஒரு ஆளு... அண்ணன் பேரு டைப் அடிச்சிருக்கு அப்பாயி."

தவமணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். என்னைப் பார்க்கக்கூட இல்லை. திட்டியிருக்கலாம். திட்டுடி, திட்டித் தொலையேன். நான்தானே தள்ளி நிறுத்தினேன், நான்தானே சொல்லுடி சொல்லுடின்னேன்...

அய்யாக்கண்ணு வந்தான். அவன் மாட்டுக்கு உத்தரவு இல்லை. வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றான். இன்றைக்குக் கேலி பேசவில்லை. "பெரியம்மா, ராத்திரியோட சுலைமான் தோப்புக்கு ஓட்டிறலாமா?" என்றான்.

"பேரு எழுதியாச்சுண்ணே. மாடு இல்லன்னா அம்மாவப் பிடிப்பாங்க, அப்பாயியப் பிடிப்பாங்க" என்றான் அழகுமலை.

பிப்ரவரி 10, புதன்

படகுத்துறை ஜெட்டி வரைக்கும் நடந்தேன். படகுப் பலகையில் ஏற மாடுகள் மாட்டேன் என்றன. ஒரு சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் அடித்தான். அழகுமலை அவனைத் தள்ளவில்லை, நடுவில் போய் நின்றுகொண்டான். பிறகு ஒவ்வொரு மாட்டையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். ஒவ்வொன்றாக ஏறின. கன்றைத் தோளில் போட்டுக்கொண்டு கடைசியாக அவன் ஏறினான்.

"ஆறு மாசம்னு சொல்லியிருக்காங்க அப்பாயி. நா இல்லாட்டி அதுங்க யாரையும் கறக்க விடாது. அடிச்சே கொன்னுருவாங்க. நா போறதுதான் சரி."

"கடுதாசி போடு. உன் கையால போடு" என்றேன்.

"வேற யாரு கையால போடுவேன்?" என்று சிரித்தான்.

பிப்ரவரி 11

விடியற்காலையில் எழுந்து செம்பைக் கழுவிவிட்டேன். கறக்க ஒன்றும் இல்லை.

மார்ச் 17

படத்தையாவது வாங்கிக்கொண்டு வரலாம் என்று ஆபீசுக்குப் போனேன். மனுக்கட்டு முழுவதும் மேலிடத்துக்குப் போய்விட்டதாம்.

அப்புத்துரை என்னை வாசல் வரைக்கும் கூட்டி வந்தார். "ஆச்சி, பெடியன்ரை பேரை நான் எழுதேல்லை. பண்ணைக்கு ஆள் வேணும் எண்டு வந்த நேரம் ஜப்பான் துரை அந்தப் படத்தை எடுத்து, நடுவிலை நிக்கிறவன் எண்டு விரலை வைச்சார். நான் ஒண்டும் செய்ய ஏலாமல் போச்சு."

அன்றைக்கு அவர் என் காதில் சொன்னதை நான் கேட்டிருந்தால்... அதை அவர் சொல்லிக் காட்டவில்லை. ரிக்‌ஷாவுக்குக் காசு கொடுக்க வந்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடந்து வந்தேன். அதுவும் அந்தத் திமிர்தானோ?

ஏப்ரல் 30

கடுதாசி இல்லை.

ஆகஸ்ட் 10

ஆறு மாதம் ஆகிவிட்டது. தவமணி பின்னால் கொட்டகையைப் பிரித்த இடத்தில் மரவள்ளி நட்டிருக்கிறாள். ஏழு பேர் இடம், ஐந்து பேர் இடம் என்று நான் மாடுகள் நின்ற இடத்தை இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறேன். சாணி விழுந்த மண், செடி நன்றாக வருகிறது.

அய்யாக்கண்ணு இரண்டு நாளுக்கு ஒருமுறை வேலி மேல் அரைச் செம்பு பால் வைத்துவிட்டுப் போகிறான். சாணி பூசிய மாட்டின் பால். திருட்டுப் புத்தி என்று எழுதியிருந்தேன். அந்த வரியை இன்று அடித்துவிட்டேன்.

செப்டம்பர் 25

போன வருஷம் இதே நாள்தான் மாலை போட்டு நிறுத்தினேன்.

நவம்பர் 21, ஞாயிறு

கார்டு வந்தது!

சிக்கந்தர் கடை விலாசத்துக்கு வந்ததாம், அவரே ஓடிவந்து கொடுத்தார். புஷ்பராணி பறித்துப் படித்தாள். "அன்புள்ள அப்பாயிக்கும் அம்மாவுக்கும். நான் நலம். மாடுகளில் இரண்டு நலம். மயிலைக் கன்று வளர்ந்துவிட்டது. தங்கை படிக்கட்டும். கவலைப்பட வேண்டாம். அழகுமலை."

தவமணி கார்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். போய்ச் சாமி மாடத்தில் வைத்தாள். அவளுக்கு அது போதும். இருக்கட்டும்.

எல்லாரும் அந்தப் பக்கம் போன பிறகு நான் எடுத்துப் பார்த்தேன்.

எழுத்து அவனுடையது இல்லை. யாரோ அவசரமாக, இடது பக்கம் சாய்த்து எழுதிய எழுத்து. வேறு யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பெயருக்குக் கீழே நீல மையில் ஒரு கைநாட்டு இருக்கிறது.

காய்ச்சலில் படுத்திருப்பான். பேனா கிடைத்திருக்காது. அப்படியானால் இதை எழுதிக் கொடுத்தவன் எதைக் கொண்டு எழுதினான்? நான் கேட்டுக் கேட்டுப் பார்க்கிறேன், அந்தக் கை என்பதைத் தவிர வேறு பதில் வரவில்லை.

கைநாட்டு விரலை உற்று உற்றுப் பார்த்தேன். வலது கையா இடது கையா என்று எனக்குத் தெரியவில்லை. விரல் இருக்கிறது. ஆள் இருக்கிறான். அதை விடமாட்டேன்.

புஷ்பராணி பார்த்திருப்பாள். அவளும் என்னிடம் சொல்லவில்லை.

நவம்பர் 22, திங்கள்

தபாலாபீசில் ஒரே ஒரு கார்டுதான் கொடுத்தார்கள். வீணாக்கக்கூடாது. இங்கே எழுதிப் பார்த்துவிட்டுப் பிறகு அதில் எழுதுகிறேன்.

அன்புள்ள பேரன் அழகுமலைக்கு, அப்பாயி எழுதுவது. நாங்கள் நலம். உன் கார்டு கிடைத்தது. எழுதிக் கொடுத்த புண்ணியவானுக்கு என் நமஸ்காரம். அம்மா மரவள்ளி போட்டிருக்கிறாள். புஷ்பராணி உன்னைப் போலவே எழுதப் பழகுகிறாள். சுவரில் படம் இல்லாமல் சட்டம் மட்டும் இருக்கிறது. அங்கே படம் எடுக்கிறவர்கள் யாராவது இருந்தால் புதுப்படம் ஒன்று எடுத்துத் தபாலில் அனுப்பு. மாடு வேண்டாம், மாலை வேண்டாம். நீ மட்டும் நில். கை இரண்டும் தெரிகிற மாதிரி

இல்லை. கடைசி வரியை அடித்துவிட்டேன். கார்டில் இப்படி எழுதப் போகிறேன்:

எப்படி நின்றாலும் சரியப்பா. படத்தை அனுப்பு.